வள்ளத்தில் ஏறாத தலைவி

தலைமை ஆசனத்தை அழகுசெய்யும் எங்கள் பங்குத்தந்தை அவர்களே, பல்லாண்டு காலம் இந்தச் சங்கத்தைத் தலைவராகச் சுமந்து இன்று இளைப்பாறப் போகும் சிமியோன் ஐயா அவர்களே, கடலைக் களமாகவும் வள்ளத்தைச் சொத்தாகவும் கொண்ட சம்மாட்டிமார்களே, கருவாட்டுப் பந்தலிலிருந்து நேரே வந்து நிலத்தில் அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே, வாசலில் சைக்கிளில் இருந்தபடியே செவி சாய்க்கும் அண்ணைமார்களே, உங்கள் அனைவருக்கும் இன்னாசியார் துறைக் கடற்றொழிலாளர் சங்கத்தின் பெயரால் என் எளிய வணக்கம்.

இந்த உரையை ஆற்ற இருந்தவர் நான் அல்ல. பள்ளிக்கூட மாஸ்டர்தான். அவருக்குத் தொண்டை கட்டிவிட்டதாம். காலையில் கடற்கரையில் நடந்ததைப் பார்த்த பிறகுதான் கட்டியதாம். ஆகவே எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட என்னை ஒலிவாங்கிக்கு முன்னால் தள்ளிவிட்டார்கள். பின்னுக்குக் கேட்கவில்லையா? பற்றரி இறங்குகிறது, அம்மா. என் குரல் இறங்காமல் பார்த்துக்கொள்கிறேன்.

அன்பார்ந்தவர்களே! எங்கள் துறையில் தலைவர் எப்படிப் பதவி ஏற்பார்? சத்தியம் செய்தா? கையெழுத்து வைத்தா? இல்லை, வள்ளத்தில் வந்து! குருத்தோலை கட்டிய வள்ளத்தில் புதியவர் அமர்ந்திருக்க, ஊரே கயிறு பிடித்து மணலில் இந்த வாசல்வரை இழுத்து வரும். அவர் இறங்குவார். பழைய தலைவர் சங்கக் கட்டடப் பூட்டைத் திறக்கும் இரும்புத் திறப்பை அவர் கையில் வைப்பார். அந்தத் திறப்புக் கைமாறினால்தான் அவர் தலைவர்.

இந்த முறை நாங்கள் யாரைத் தெரிந்தெடுத்தோம்? கத்தரீனா அக்காவை! ஏன் தெரிந்தெடுத்தோம்? கடலுக்குப் போகவிடாத பாதுகாப்பு வலயத்தடையால் எங்கள் கடல் சுருங்கியபோது, மண்ணெண்ணெய் இல்லாமல் இயந்திரங்கள் உறங்கியபோது, நிவாரணமாக வந்த நைலோன் நூலை வள்ளம் உள்ள வீடுகளுக்கு மட்டும் பகிர நினைத்தபோது, வாசலை மறித்து நின்றவர் அவர். வள்ளம் இல்லாத வீட்டிலும் வலை பின்னும் விரல் உண்டு என்றார். நூல் வலையானது. வலை எங்கள் அடுப்பை எரிய வைத்தது. என் வீட்டு அடுப்பும் அதில் ஒன்று. தட்டுங்கள், தாராளமாகத் தட்டலாம்!

ஆனால், தெரிந்தெடுத்த பிறகுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் துறையில் பெண் வள்ளத்தில் ஏறக்கூடாது. ஏறினால் மீன் படாது என்பது நம்பிக்கை. வாக்குப் போடும்போது ஊரில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. இப்போது சிரிக்கிறீர்கள். அன்றைக்கு யார் சிரித்தார்கள்?

ஒருவரும் வள்ளம் தர முன்வரவில்லை. கடைசியில் அடைக்கலநாதன் சம்மாட்டியார் தன் வள்ளத்தைத் தருவதாகச் சொன்னார். ஆனால் அக்காவுக்குப் பதிலாக அவரின் தம்பி கனிசியஸ் அதில் வரவேண்டும், திறப்பை அவர் வாங்கவேண்டும் என்றார். இன்று காலை கனிசியஸ் அண்ணை பட்டு வேட்டியும் மாலையுமாக வள்ளத்தில் ஏறியும் இருந்துவிட்டார். "மாப்பிளை ரெடி. பொம்பிளை எங்கை?" என்று லூர்த்தம்மா மாமி கேட்டாவா இல்லையா? ஒளியாதேங்கோ, மாமி.

அப்போது கத்தரீனா அக்கா வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"தம்பி, இறங்கு. இண்டைக்கு எனக்காக வள்ளத்திலை இருந்தியெண்டால், நாளைக்கு எனக்காகத் தலைவர் கதிரையிலையும் நீதான் இருப்பாய்."

கனிசியஸ் அண்ணை இறங்கினார். அக்கா ஏறினாரா? இல்லை. முன்கயிற்றை எடுத்துத் தன் தோளில் போட்டார்.

"தலைவர் கயிறு இழுக்கிறதோ? ஊர் சிரிக்கும்," என்றார் சம்மாட்டியார்.

"சிரிக்கட்டும், சம்மாட்டியார். நீங்களும் சிரிச்சுக்கொண்டு ஒருக்கால் பின்னாலை தள்ளுங்கோ."

தாய்மார் நாங்கள் ஓடிவந்து கயிற்றைப் பிடித்தோம். மேட்டில் வள்ளம் மணலில் புதைந்தது. இழுத்தோம், அசையவில்லை. மீண்டும் இழுத்தோம், அசையவில்லை. கைகட்டி நின்ற ஆண்களில் முதலில் அசைந்தவர் யார்? அடைக்கலநாதன் சம்மாட்டியாரேதான்! சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் தோள் கொடுத்தார். அதன்பின் நிற்க யாருக்கு மனம் வரும்? ஊரே வந்தது. வெறும் வள்ளம் வாசலுக்கு வந்தது.

ஆனால் அதிலிருந்து இறங்க ஒருவரும் இல்லை. இறங்காதவரிடம் திறப்பை எப்படிக் கொடுப்பது என்று சிமியோன் ஐயா கேட்டார். திறப்பை மடியில் செருகிக்கொண்டு மேடைக்கு வந்துவிட்டார். இதோ, அது இன்னும் அவர் மடியில். அதோ, நாங்கள் தெரிந்தெடுத்த தலைவி வெறும் நிலத்தில்.

ஐயா, வள்ளத்தில் வந்தவருக்குத் திறப்பு என்பது வழமை. வள்ளத்தையே கொண்டு வந்தவருக்கு? ஒருவருக்காக ஊர் ஒன்று சேருமா என்று பார்க்கத்தானே முன்னோர் அந்தக் கயிற்றை எங்கள் கையில் தந்தார்கள்? இன்று ஊர் சேர்ந்ததா, இல்லையா? சம்மாட்டியார் தோள் கொடுத்தாரா, இல்லையா? ஓம் என்றால் சத்தமாகச் சொல்லுங்கள். ஐயாவுக்குக் கேட்கட்டும். இன்னும் சத்தமாக!

சிமியோன் ஐயா எழும்புகிறார். மேடைக்கு அழைப்பார் என்று பார்த்தேன், அவரே இறங்குகிறார். மெதுவாக, ஐயா, படி ஆடுது. தாய்மார்களே, வழி விடுங்கள். கத்தரீனா அக்கா, எழும்புங்கோ. கயிறு உரிச்ச கையெண்டு ஒளிக்காதேங்கோ. நீட்டுங்கோ.

இந்தக் கைதட்டலில் இனி என் குரல் எடுபடாது. வள்ளம் தந்தவருக்கும், கயிறு பிடித்தவர்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும் என் நன்றி. எங்கள் புதிய தலைவிக்கு ஊர் சொல்லும் முதல் வணக்கம் என் வணக்கமாக இருக்கட்டும்.