தொண்ணூற்றேழு சதவீதம்

— தொண்ணூத்து நாலுன்னு போடும்மா.

— போன மாசமே தொண்ணூத்தாறுன்னு போட்டுட்டோம் சார்.

— அப்போ தொண்ணூத்தேழு. டைரக்டர் நானா நீயா? நான் சொல்றேன், நீ அடி. பல்கலைக்கழக இணையதளம், புதுப்பிக்கும் பணி, முன்னேற்ற அறிக்கை, தொண்ணூத்தேழு சதவீதம். பதினொரு மணிக்கு வி.சி. மேசையில இருக்கணும். புரியுதா?

— புரியுது சார். கீழே 'முடிந்த பணிகள்'னு ஒரு கட்டம் இருக்கு. அதுல என்ன போட?

— முடிஞ்சதைப் போடு.

— முகப்புப் படம் முடிஞ்சிருக்கு.

— அப்புறம்?

— அவ்வளவுதான் சார். மூணு வருஷத்துல முப்பத்தொரு குழுக் கூட்டம். அதுல பத்தொன்பது கூட்டம், வாசலைக் காலையில படம் எடுக்கிறதா சாயங்காலம் எடுக்கிறதான்னு. கடைசியில ஒரு மேகமூட்டமான மத்தியானத்துல எடுத்தோம்.

— உன் நக்கலை எல்லாம் உன் வீட்ல வெச்சுக்கோ. துறைப் பக்கமெல்லாம் வந்திருக்குமே?

— நாப்பத்திரண்டு துறையில ஒன்பது அனுப்பியிருக்கு. அதுல ஆறு பேர் கம்ப்யூட்டர்ல அடிச்சு, பேப்பர்ல எடுத்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, அதை போன்ல படம் பிடிச்சு அனுப்பியிருக்காங்க. ஒரு படத்துல துறைத்தலைவரோட கட்டைவிரலும் விழுந்திருக்கு.

— பேராசிரியர்களாம். ஒரு பக்கம் ஒழுங்கா அனுப்பத் தெரியல, பேருக்கு முன்னாடி மட்டும் ஒரு முழத்துக்குப் பட்டம். சரி, அப்படியே ஏத்திவிடு.

— விரலோடவா சார்?

— விரலோடதான். யாரு உக்காந்து பாக்கப் போறா? அந்தத் தேடுற பெட்டி முடிஞ்சுதுன்னு போட்டியா?

— அதுல எதைத் தேடினாலும் வி.சி.யோட 'துணைவேந்தர் வாழ்த்துச் செய்தி'தான் சார் வருது. தேர்வு அட்டவணைன்னு அடிச்சாலும் அதுதான், விடுதி வாடகைன்னு அடிச்சாலும் அதுதான்.

— அது என் யோசனைம்மா. எதுவும் கிடைக்கலன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்றதுக்கு இது எவ்வளவோ மேல். அன்னைக்கு வி.சி. தன் பேரையே தேடினாரு. அவர் படம் வந்துச்சு. எப்படிச் சிரிச்சாரு தெரியுமா? உன்னை மாதிரி சும்மா தட்டிக்கிட்டே இருந்தா ஆகாது. மனுஷனைப் படிக்கணும். புரியுதா?

— ஐயா, உள்ள வரலாமுங்களா?

— என்ன அட்டெண்டர், பாதி உள்ள வந்துட்டு கேக்குறே?

— அவசரமுங்க ஐயா. பெரிய ஐயா ரூம்ல காலையில புதுக் கம்ப்யூட்டர் கொண்டாந்து வெச்சுட்டாங்க. பழசை வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க.

— அதுக்கு?

— போட்டுப் பாத்தேனுங்க. நம்ம தளம் வரல. அந்தப் பழைய பச்சைப் பக்கம் வருது, மேல எழுத்து ஓடிக்கிட்டே இருக்குமே, அது. பெரிய ஐயா செனட் கூட்டத்துல இருக்காரு. அரை மணியில வந்துடுவாருங்க.

— அடப்பாவி. யாரைக் கேட்டு மாத்தினாங்க?

— நீங்கதான் ஐயா போன மாசம் கையெழுத்துப் போட்டீங்க. பழைய கம்ப்யூட்டரெல்லாம் மாத்தணும்னு ஒரு பட்டியல்ல.

— சரி சரி, நீ போய் வாசல்ல நில்லு. கார் வந்தா ஓடி வா. இங்க பாரும்மா, அறிக்கையை அப்புறம் பாத்துக்கலாம். நீ போய் அந்தக் கம்ப்யூட்டர்ல வழக்கமான வேலையைச் செஞ்சுட்டு வா. அஞ்சு நிமிஷ வேலை.

— எந்த வேலை சார்?

— தெரியாத மாதிரி கேக்காதே.

— தெரியும் சார். உலகத்துல யாரு நம்ம முகவரியை அடிச்சாலும் பச்சைப் பக்கம்தான் வரும். வி.சி. அடிச்சா மட்டும் இந்த ரூம்ல சோதனைக்கு வெச்சிருக்கிற புதுத் தளம் வரணும். அதுக்காக அவர் கம்ப்யூட்டரை மட்டும் அந்தத் தளத்துக்குத் திருப்பிவிடணும். அந்த வேலைதானே? திறப்பு விழா அன்னைக்கு, ஒரே ஒரு நாளைக்குன்னு சொன்னீங்க. எட்டு மாசமாச்சு.

— எட்டு மாசமா மனுஷன் சந்தோஷமா இருக்காருல்ல? அவருக்குப் போன்ல பேச மட்டும்தான் தெரியும். வீட்ல கம்ப்யூட்டரே கிடையாது. பாக்குறது அந்த ஒரு மேசையிலதான். அவர் கண்ணுக்குப் புதுசு, மத்தவன் கண்ணுக்குப் பழசு. யாருக்கு என்ன நஷ்டம்?

— பசங்க தேர்வு முடிவு பாக்க முடியாம அலையறாங்க சார்.

— அலையட்டும். நாங்க எல்லாம் அறிவிப்புப் பலகை முன்னாடி முட்டிக்கிட்டு நின்னுதான் முடிவு பாத்தோம். எந்திரி.

— நான் போகல சார்.

— என்னது?

— போகல. இன்னைக்கு அவர் பச்சைப் பக்கத்தைப் பாக்கட்டும். என்ன இதுன்னு கேப்பாரு. நீங்க தொண்ணூத்தேழுன்னு சொல்லுங்க.

— ஒப்பந்தத்துல இருக்கிறவ பேசுற பேச்சா இது? முப்பதாம் தேதியோட உன் ஒப்பந்தம் முடியுது, ஞாபகம் இருக்கா?

— அது எப்படி சார் மறக்கும்? அப்பாவுக்கு இப்பதான் ஆபரேஷன் ஆயிருக்கு. வீட்ல சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான். ஏழு வருஷமா ஒவ்வொரு தடவை கையெழுத்து வாங்கும்போதும், அடுத்த தடவை நிரந்தரம்னு சொன்னீங்க. நிரந்தரப் பதவி ஒண்ணு வருது, அது உனக்குத்தான்னு சொன்னீங்க. நானும் நம்பினேன். அந்தப் பதவி என்னாச்சு சார்?

— அதைப் பத்தி இப்ப என்ன?

— இப்பதான் சார் கேக்கணும். அரை மணி நேரத்துக்கு நீங்க எனக்குப் பதில் சொல்ற இடத்துல இருக்கீங்க.

— வாய் நீளுதே. சரி, கேட்டுக்கோ. ஒளிச்சு வெக்க இனிமே ஒண்ணும் இல்ல. அந்தப் பதவி வந்தாச்சு, விளம்பரம் போட்டாச்சு, கடைசி நாளும் முடிஞ்சாச்சு. இன்னைக்கு மூணு மணிக்கு நேர்காணல், நேரமெல்லாம் விளம்பரத்துலயே போட்டாச்சு.

— விளம்பரம் எங்க போட்டீங்க?

— விதியில எப்படி இருக்கோ அப்படி. இணையதளத்துல.

— எந்தத் தளத்துல சார்?

— இதுல என்னம்மா சந்தேகம்? நம்ம புதுத் தளத்துலதான். வி.சி. தன் கண்ணால பாத்து, 'விளம்பரம் முறைப்படி வெளியானது'ன்னு கோப்புல எழுதிட்டாரு. நீ அப்பாவுக்கு ஆஸ்பத்திரின்னு ஒன்பது நாள் போயிருந்தியே, அப்போ நானே உக்காந்து ஏத்தினேன். எனக்கும் கொஞ்சம் தெரியும்.

— உலகத்துலயே ஒரே ஒரு மேசையில தெரியற தளத்துல, வேலைக்கு ஆள் எடுக்க விளம்பரம்.

— சட்டப்படி விளம்பரம் விளம்பரம்தான்.

— யாருக்காக சார்?

— எங்க அக்கா பையனுக்கு. போதுமா? எங்க அக்கா தினமும் போன் பண்ணி உசிரை எடுக்குறா. உன் மருமகன் முப்பது வயசாகியும் வீட்ல உக்காந்திருக்கான், நீ டைரக்டரா இருந்து என்ன கிழிச்சேன்னு. நானும் மனுஷன்தானே?

— அவருக்கு இந்த வேலை தெரியுமா?

— உனக்கு மட்டும் பொறந்தப்பவே தெரியுமா? வந்து கத்துப்பான். நீ முப்பதாம் தேதி வரைக்கும் இருந்து சொல்லிக் குடு. நல்லபடியா நடந்துக்கிட்டா இன்னும் மூணு மாசம் நீட்டி வெக்கறேன். அவனுக்கு உதவியா.

— ஏழு வருஷம் நான் கட்டினது. அவருக்கு நான் உதவி.

— நீ கட்டினது என்ன, கோட்டையா? யாருமே பாக்காத தளம்.

— அது சரி சார்.

— என்ன அது சரி? நான் ஒண்ணும் வேற யாரையும் தள்ளிட்டு அவனைப் போடல. ஒரே ஒரு விண்ணப்பம்தான் வந்திருக்கு. போட்டியே இல்ல.

— ஒண்ணா? நிச்சயமா ஒண்ணுதானா சார்?

— ஏன், பத்தாயிரம் வரும்னு பாத்தியா? ஒண்ணேதான். எண்ணிக்கை என் கணக்குக்குத்தானே வரும்? பேரும் விவரமும் தேர்வுக் குழு முன்னாடி மூணு மணிக்குத்தான் திறக்கும். நாளைக்கு யாரும் என்மேல விரல் நீட்டக் கூடாதுன்னு நானேதான் அப்படி வெக்கச் சொன்னேன். 'வந்த விண்ணப்பம் ஒன்று, தளத்தின் வழியே முறைப்படி வந்தது, வேறு ஆள் இல்லாததால் அவரையே நியமிக்கலாம்'னு பரிந்துரை எழுதி, கையெழுத்துப் போட்டு, உறையில வெச்சு ஒட்டி அனுப்பியாச்சு. வி.சி.யும் ஒப்புதல் போட்டுட்டாரு. நேர்காணலே வெறும் பேருக்கு. ஆளு வந்து உக்காந்துட்டுப் போனா போதும்.

— உங்க அக்கா பையன் எங்கிருந்து சார் அனுப்பினாரு?

— அது எதுக்கு உனக்கு?

— சும்மாதான் கேக்கறேன். இங்க வந்தா அனுப்பினாரு?

— இங்க வரச் சொல்லுவேனா? நான் என்ன அவ்வளவு மண்டா? யாராவது பாத்தா டைரக்டர் மருமகன்னு கண்ணு காது வெச்சுடுவாங்க. இந்தத் தெருப் பக்கமே வராதேன்னு சொல்லிட்டேன். வீட்லயிருந்தே அனுப்பினான். 'வேலைவாய்ப்பு'ன்னு இருக்கும், அதுல படிவம் இருக்கும், பதவிப் பேரு இதுன்னு போட்டு அனுப்புடான்னேன். 'நன்றி, தங்கள் விண்ணப்பம் கிடைத்தது'ன்னு வந்துச்சாம். போன்ல படம் பிடிச்சு எனக்கு அனுப்பினான். கெட்டிக்காரன்.

— படத்துல பச்சையா இருந்துச்சா சார்?

— என்னமோ பச்சையோ மஞ்சளோ. நன்றின்னு இருந்துச்சு.

— சரி சார். நான் போய் அந்தப் புதுக் கம்ப்யூட்டரைச் சரி பண்ணிட்டு வந்துடறேன்.

— பாத்தியா. மூணு மாசம்னதும் எப்படி எந்திரிச்சே. உங்களை மாதிரி ஆளுங்களுக்கு இவ்வளவுதான். ரெண்டு வீராப்பு வசனம், அப்புறம் சம்பளம்னா வாலை ஆட்டிக்கிட்டு வந்துடறது. உன்மேல கொஞ்சம் மரியாதை இருந்துச்சு எனக்கு. அதுவும் போச்சு.

— ஐயா, கார் வந்துடுச்சுங்க. பெரிய ஐயா உள்ள வந்துக்கிட்டிருக்காரு.

— போறா, போறா. நீ முன்னாடி போய் லிஃப்ட் வேலை செய்யலன்னு சொல்லு. அவர் மூணு மாடி ஏறட்டும்.

— வந்துட்டேன் அண்ணே, ஐயா ரூம் சாவியை மட்டும் குடுங்க. சார், ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். வீட்லயிருந்து பாத்தா பச்சைப் பக்கம்தான் வரும். அதுல இருக்கிற படிவம் நாலு வருஷமா எங்கேயும் போறதில்ல. நன்றின்னு மட்டும் சொல்லும். இதைப் பத்தி மூணு தடவை குறிப்பு எழுதி வெச்சேன். மூணுலயும் 'பார்த்தேன்'னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க.

— என்ன உளர்றே?

— உங்க மருமகன் விண்ணப்பம் வரவே இல்ல சார்.

— ஒண்ணு வந்திருக்கேம்மா. என் கணக்குல ஒண்ணுன்னு காட்டுது. நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்.

— புதுத் தளத்துப் படிவம்தான் உங்க கணக்குக்கு வரும். அந்தத் தளம் தெரியறது ரெண்டே இடம். ஒண்ணு இந்த ரூம். இங்க யாரும் அனுப்பல. இன்னொண்ணு மேல.

— மேலயா? மேல வி.சி. ரூம்ல யாரு இருக்கா அப்ளை பண்ண? வி.சி.யா பண்ணுவாரு?

— கடைசி நாள் அன்னைக்கு நான் லீவு முடிஞ்சு வந்தேன். மவுஸ் நகரலன்னு ஐயா கூப்பிட்டு அனுப்பினாரு. போய்ப் பாத்தா திரையில இந்த விளம்பரம். எனக்கு அழுகையே வந்துடுச்சு சார். ஏம்மான்னு கேட்டாரு. இந்த வேலைக்குத்தான் ஏழு வருஷமா காத்திருக்கேன், இன்னைக்கு சாயங்காலத்தோட முடியுதுன்னு சொன்னேன்.

— வேற என்ன சொன்னே? தளத்தைப் பத்தி ஏதாவது சொல்லித் தொலைச்சியா?

— இல்ல சார். சொல்ல வேண்டியதுதான். வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா விளம்பரம் செல்லாது, வேலையும் போயிடும். முழுங்கிட்டேன். அதுக்காக என்னை நானே எவ்வளவு கேவலமா நெனச்சுக்கிட்டேன்னு எனக்குத்தான் தெரியும். எப்படியும் உங்க ஆளு ஒருத்தர் இருப்பாரு, எனக்குக் கிடைக்காதுன்னுதான் இன்னைக்கு மாட்டேன்னு உக்காந்தேன். இப்பதான் நீங்க ஒண்ணுன்னு சொன்னீங்க.

— இரும்மா, இரு. கதவைத் திறக்காதே. உக்காந்து பேசலாம்.

— நேரமில்ல சார், அவர் படியேறிக்கிட்டிருக்காரு. மூணு மணி வரைக்கும் அந்தத் தளம் அவர் மேசையில தெரியணும். அவருக்கு ஞாபகம் இருக்கும், அந்தப் படிவத்துல என் பேரை அடிச்சது அவர்தான்.