கப்பலேற்றியவர் பேர்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு எழுத்தாளர்கள். இரண்டு வருஷமாகக் கடிதம் மூலமே சேர்ந்து ஒரு புத்தகம் எழுதுகிறார்களாம்; நேரில் பார்த்துக்கொள்வது அன்றுதான் முதல் தடவை.

"எங்க தாத்தாவைக் கிழிச்சுப் போட்டுட்டேன் வே" என்றார் குடை வைத்திருந்தவர்.

"என்னவே சொல்லுதீரு?" என்று திரும்பினார் கண்ணாடிக்காரர்.

"ஆப்பிரிக்காக் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் பிடிச்சவங்க பட்டியல் அனுப்புனீருல்லா, அதைத்தான். மேலகரத்து ஆளுகளை வெள்ளைக்காரன் கப்பல்ல ஏத்திவிட்டது அவருதான்."

"நகல் எங்கிட்ட இருக்கு. நாளைக்கு அச்சுக்கு அனுப்புதேன்."

"பேரை மட்டும் எடுத்திரும். நான் இந்த ஊருல நடமாடணும்."

"போனவங்களோட பேரப்பிள்ளைக, ஏத்திவிட்டது யாருன்னு டர்பன்ல இருந்து எழுதிக் கேக்காவ. அவங்களுக்கு என்ன பதில் எழுத?"

மேலகரம் வந்தது. பஸ் நின்று கிளம்பியது. குடைக்காரர் ஜன்னல் பக்கம் பார்க்கவே இல்லை.

"நீரு மூத்த பேரன்லா? தாத்தா பேரைத்தான உமக்கு வச்சிருக்காவ?" என்றார் கண்ணாடிக்காரர்.

"ஆமா."

"சரி, உள்ள இருக்கத எடுத்திருதேன். அட்டையில இருக்கத என்னவே செய்ய?"