சுற்றுப்பாதையில் ஒரு வயசான அம்மா

“ஹலோ... ஹலோ, அண்ணே... டெய்சிதான் பேசறேன்... ஆமா, பார்க்குலேருந்துதான்... இரு இரு, வெச்சிடாத... ஒரு நிமிசம்...”

டவுன்ஷிப் கட்டிய காலத்துப் பூங்கா அது. தேக்கும் மூங்கிலும் அடர்ந்த, முக்கால் கிலோமீட்டர் சுற்றுப்பாதை. பழைய திறப்புவிழாக் கல்வெட்டின்மேல் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு, டெய்சி செல்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பதினொரு வருடமாகக் காண்ட்ராக்டில் அவள் பெருக்குகிற பாதை. ஆறு மாதமாக அவளுடைய அண்ணன் ஆனந்த்ராஜ் சர்க்கரைக்காகக் காலையில் நடக்கிற பாதையும் அதுதான். ஒரு நாளும் நின்று பேசியதில்லை. தூரத்தில் தங்கச்சி தலை தெரிந்தால் போதும், பெரிய துரைபோல வந்த வழியே திரும்பிவிடுவார்.

“சூப்பர்வைசர் கலியமூர்த்தி சொன்னாரு... இப்பத்தான்... நாளையிலேருந்து எனக்குப் பார்க்குல வேல கெடையாதாம். குப்ப லாரியில ஏறணுமாம்... ஆமா ஆமா, உன் பேரத்தான் சொன்னாரு... பொய்யா? அவரு எதுக்கு பொய் சொல்லப் போறாரு? நீ எனக்கு அண்ணன்னே அவருக்குத் தெரியாது...

“கேளு, கேளு... ‘ஆனந்த்ராஜ் சார் தங்கமான மனுசன்மா. வயசான அம்மா குனிஞ்சி குனிஞ்சி பெருக்குது, பாக்கவே பாவமா இருக்கு, வேற எங்கனா மாத்துங்கன்னு அவருதான் சொன்னாரு’ங்கறாரு... வயசான அம்மா!... உனக்கு அம்பத்தி நாலு, எனக்கு அம்பத்தி ரெண்டு. நான் வயசான அம்மா, நீ ஷூ மாட்டிகினு நடக்கற கொமரனா?...

“என்னாது?... யாரு, ஜெயராமன் சாரா?... கூட நடக்கறாரு, சரி... பெரிய ஆபீசரு, சரி... ஓ... நான் உன் தங்கச்சின்னு அவரு கண்டுகினா உனக்கு அசிங்கம்... அத மொதல்ல சொல்லு. பாவம்னு எதுக்கு சொன்ன?...”

நடந்துவந்த இரண்டு பெண்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கல்வெட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“நம்ம நெலத்த கம்பெனி எடுத்தப்ப வூட்டுக்கு ஒரு வேலன்னாங்க. அப்பாவ பொதைச்ச மண்ணு கூட காயல. அண்ணன் நல்லா இருந்தா நம்மளப் பாத்துக்கும்னு, அந்த வேல உனக்கே போவட்டும்னு நான்தான் கையெழுத்துப் போட்டேன்... இல்ல, சொல்லிக் காட்டல... ஆமா, காட்டறேன்! இன்னிக்குக் காட்டறேன். நீ பர்மனென்ட்டு, நான் காண்ட்ராக்ட்டு. ஒரு நாளு உன் குவாட்டர்ஸ் வாசல்ல வந்து நின்னனா?... பின்ன? இந்தப் பாதையில கூட நான் நிக்கக் கூடாதா?...

“ஹலோ... கேக்குது கேக்குது... இல்ல, நீ என் அண்ணன்னு சொல்லல... யாருகிட்டயும் சொல்லல... கலியமூர்த்திகிட்டயும் சொல்லல... அய்ய, சொல்லலன்னா சொல்லல...

“அண்ணே, ‘சொன்னியா சொன்னியா’ன்னு மூணு தடவ கேட்டுட்ட. லாரியில ஏறி எறங்க முட்டி தாங்குமா தங்கச்சின்னு ஒரு தடவ கேட்டியா?...”

எதிர்முனையில் அண்ணன் குரல் திடீரென்று குழைந்தது. அந்தக் குழைவை டெய்சி முப்பது வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறாள், கையெழுத்துப் போட்ட அன்றைக்கு.

“வேணாம்... வேற எடம்லாம் நீ பேச வேணாம். பேசுனவரைக்கும் போதும்... என்னா?... நல்ல பொண்ணா? நானா?... உனக்காவத்தான் சொல்லாம வுட்டேன்னு நெனச்சிகினியா?... இல்லண்ணே. மாதா மேல ஆணையா இல்ல.

“அந்தாளு உன்னத் தங்கமான மனுசன், தங்கமான மனுசன்னு சொல்லிகினே இருந்தாரு. அது எங்கூடப் பொறந்ததுன்னு சொல்ல எனக்குத்தான் அசிங்கமா இருந்திச்சி... ஆமா, எனக்கு... வெச்சிர்றேன்.”

வைத்துவிட்டாள். வளைவுக்கு அந்தப் பக்கம் பாதிப் பாதை இன்னும் பெருக்காமல் கிடந்தது.