புகை போன பிறகு

அறுபதுகளின் கடைசியில், கரி வண்டி போய்க் கரண்டு வண்டி வந்த புதிது. செங்கல்பட்டு ஸ்டேஷன் டிக்கெட் வரிசையில் எனக்கு முன்னால் கடப்பாக்கத்து மீன்கார அம்மா, காலடியில் கூடையோடு நின்றிருந்தார். ஆபீஸ்காரர் ஒருவர் புது மனு ஒன்றுக்குக் கையெழுத்து வாங்க வரிசைக்கு வந்தார்.

“இப்ப இன்னா மனு, அண்ணாத்த?”

“எலெக்ட்ரிக் ட்ரெயின்ல மீன் கூடைய ஏத்தக் கூடாதுன்னும்மா. நாத்தம் தாங்கல.”

“இத்தினி வருசமா இதே கூடைதானே வந்துகினு கீது?”

“அப்ப கரி வண்டி. அந்தப் புகையில ஒண்ணும் தெரியல.”

“பொகை வேணாம், கரண்டு வண்டி வுடுன்னு போன தபா மனு எடுத்துகினு வந்தியே. அதுல மொத கைநாட்டு என்னுது.”

அவர் பேனாவை மூடினார்.

அந்த அம்மா கட்டை விரலை நீட்டினார். “இதுலயும் நானே மொதல்ல வைக்கறேன். மை எங்க?”