வாசலில் நின்றது யார்?

மேடையில் அமர்ந்திருக்கும் அறங்காவலர் குழுத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, மற்ற பெரியோர்களே! முறைக்கு ஒரு வணக்கம். மேடைக்குக் கீழே நெருக்கியடித்து அமர்ந்திருக்கும் நடிகர்களே, இசைக்காரர்களே, தையல் அறையிலிருந்தும் தச்சுப் பட்டறையிலிருந்தும் போட்டது போட்டபடி எழுந்து வந்திருக்கும் தோழர்களே, மறைந்த மேலாளர் அம்மையாரின் அருமை மகளே! உங்களுக்கு என் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய தலைவர், அம்மையாரைத் தாயுள்ளம் கொண்டவர் என்றார். செயலாளர், அதிர்ந்து பேசாதவர் என்றார். யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன். நம் மேலாளர் அம்மையாரைப் பற்றித்தானாம்! இந்த நாடக அரங்கை இருபத்தொரு ஆண்டுகள் கட்டி மேய்த்தவர் அவர். அவர் குரலை உயர்த்தினால் மாடி இருக்கைகளில் தூசி உதிரும். தாயுள்ளமா? என்னிடம் அவர் ஒரு நாளும் தாயாக நடந்துகொண்டதில்லை. நானும் பிள்ளையாக நடந்துகொண்டதில்லை. நானும் அவரும் கீரியும் பாம்பும். அவரை எனக்குப் பிடிக்காது. இங்கே காலையிலிருந்து பொய் மழையாகப் பெய்துகொண்டிருப்பதால், நானாவது இந்த உண்மையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவர் எங்கிருந்து வந்தார் தெரியுமா? பஸ் டிப்போவிலிருந்து! எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்த ஓட்டுநருக்கு என்றைக்கு ஓய்வு என்று அட்டவணை போட்டுக்கொண்டிருந்தவர். அவரைக் கொண்டுவந்து ஒரு கலை நிறுவனத்தின் தலையில் உட்கார வைத்தார்கள். நாங்கள் சிரித்தோம். நான்தான் முதலில் சிரித்தேன். 'டிப்போ' என்று அவருக்குப் பெயர் வைத்தவனும் நானே.

வந்த இரண்டாம் நாள் ஒத்திகை அறைக் கதவில் ஓர் அட்டவணை ஒட்டினார். காலை பத்து மணிக்குத் தொடக்கம், மாலை ஆறு மணிக்கு முடிவு, யாருக்கு எந்தக் காட்சியோ அவர் மட்டும் வந்தால் போதும். கலை என்ன, கடிகாரத்தைப் பார்த்தா வரும்? கிழித்து எறிந்தேன். மறுநாள் புதிதாக ஒன்று ஒட்டியிருந்தது. அதையும் கிழித்தேன். நாலாவது தடவை கிழிக்கும்போது பின்னாலேயே வந்து நின்றார்.

"கிழிங்க சார், நல்லா கிழிங்க. இன்னும் முப்பது காப்பி எடுத்து வச்சிருக்கேன். உங்க கைதான் வலிக்கும்."

என் கைதான் வலித்தது. தையல் அறை அக்கா இதோ முன்வரிசையில் இருக்கிறார். அந்த அட்டவணை வந்து ஒரு மாதம் கழித்து அவர் என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? "தம்பி, எனக்குக் கல்யாணமாகி ஒம்பது வருஷம். என் வீட்டுக்காரர் மூஞ்சிய வெளிச்சத்துல பாத்தது இந்த மாசந்தான். பரவால்ல, ஆளு நல்லாத்தான் இருக்காரு!"

சிரியுங்கள், சிரியுங்கள். அம்மையார் இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டார். "அடுத்தவர் பேசணும், சீக்கிரம் முடிங்க" என்றிருப்பார்.

நான் இயக்கிய முப்பத்திரண்டு நாடகங்களில் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. பக்கவாட்டுச் சுவரோரம் நின்று, பார்ப்பவர்களைத்தான் பார்ப்பார். அது எனக்கு எவ்வளவு எரிச்சல்! மறுநாள் வந்து, "ரெண்டாவது காட்சியில ஏழாவது வரிசையிலேர்ந்து பின்னால பூரா நெளியுறாங்க சார். காது கேக்கலையோ என்னவோ" என்பார். "உங்களுக்கு நாடகத்தைப் பத்தி என்னம்மா தெரியும்?" என்று கத்துவேன். "ஒண்ணும் தெரியாது சார். நெளியுறது தெரியும்." கத்தி முடித்து, அவர் போன பிறகு, நடிகர்களை நாலடி முன்னால் நகர்த்தி வைப்பேன். ஒரு தடவையாவது அவர் சொன்னதால் மாற்றினேன் என்று ஒத்துக்கொண்டேனா? இல்லை.

நண்பர்களே! பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் நடந்ததை இப்போது சொல்கிறேன். இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மேடையில் இருப்பவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

புது நாடகத்தின் முதல் நாள். மாலை நாலரை மணி. நானூற்றுப் பன்னிரண்டு இருக்கைகளுக்கும் டிக்கெட் விற்றுவிட்டது. மேடைக் கயிறுகளைப் பார்க்கும் அண்ணன், விளக்குகள் தொங்கும் நீளக் குழாயின் கயிற்றில் ஒரு புரி அறுந்திருப்பதாக அம்மையாரிடம் சொன்னார். அம்மையார் ஏணியில் ஏறினார். ஐம்பது வயதில், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினார். இறங்கி வந்து, "இன்னிக்கு ஆட்டம் கிடையாது" என்றார்.

நான் குறுக்கே போய் நின்றேன். "ஒரு புரிதானேம்மா? ஒரு நாள் தாங்கும்!"

"டிப்போவுல பிரேக்கு கிறீச்சுன்னா வண்டி ஷெட்டுக்குப் போயிரும் சார். நேரமாச்சேன்னு பாக்க மாட்டோம்."

"இது பஸ் இல்லம்மா! நாடகம்!"

"சரி. தாங்கும்னு எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்க. திரையத் தூக்கிடலாம். அந்தக் குழாய்க்குக் கீழ பதினோரு நிமிஷம் படுக்கப் போறது உங்க தங்கச்சி."

என் தங்கைதான் அந்த நாடகத்தின் கதாநாயகி. ஒப்பனையோடு பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் எழுதிக் கொடுக்கவில்லை. ஒத்துக்கொள்ளவும் இல்லை. வெளிநாட்டில் இருந்த தலைவருக்குப் போன் போட்டுப் புகார் சொன்னேன். அவர் அம்மையாரைப் பேசச் சொல்லி, "ஆட்டத்த நடத்துங்க, நான் பொறுப்பு" என்றார். அம்மையார் சொன்ன பதில் எனக்கு இன்றும் காதில் இருக்கிறது: "நீங்க அங்கேர்ந்து பொறுப்புங்கிறீங்க. குழாய் இங்க தொங்குது." போனை வைத்துவிட்டார்.

பிறகு வாசலுக்குப் போனார். அறிவிப்புப் பலகை வைத்துவிட்டுத் தன் அறைக்குள் போய் உட்காரவில்லை. டிக்கெட் கிழிக்கும் பையன்களைப் பேசச் சொல்லவில்லை. வாசலில் தானே நின்று, வந்த ஒவ்வொருவரிடமும், "மேடை பத்திரமா இல்ல. தப்பு எங்களுது. சனிக்கிழமை வாங்க, இதே இருக்கை உங்களுக்கு இருக்கும்" என்று சொன்னார். சிலர் திட்டினார்கள். ஒருவர் முகத்துக்கு நேரே கையை நீட்டி ஏசினார். நின்றார். நானூறு பேருக்கும் சொல்லி முடிக்கும் வரை நின்றார். நான் என்ன செய்தேன்? உள்ளே உட்கார்ந்து அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை குழாயை இறக்கக் கயிற்றைத் தளர்த்தினார்கள். ஓர் ஆள் உயரம்கூட இறங்கவில்லை. கயிறு அறுந்து, குழாயும் விளக்குகளும் மொத்தமாக மேடையில் விழுந்தன. படுக்கை கிடந்த இடத்தில் பலகை பிளந்துவிட்டது. என் தங்கை அந்தப் பிளவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அண்ணே, அவங்களுக்கு ஒரு நன்றி சொல்லிட்டு வாண்ணே." "சொல்றேன்" என்றேன்.

சொல்லவில்லை, நண்பர்களே! அவர் செய்தது சரி என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. இயக்குநர் அல்லவா நான்! கலைஞன் அல்லவா!

ஏழு ஆண்டுகள் போயின. கலை நிறுவனங்களின் கூட்டமைப்பு, நிறுவனங்களை நடத்துவதில் தலைசிறந்து விளங்கும் ஒருவருக்கு விருது தருவதாக அறிவித்தது. மேடையில் ஆடுகிறவனுக்கும் பாடுகிறவனுக்கும் ஆயிரம் விருது இருக்கிறது. ஆடவும் பாடவும் ஓர் இடத்தை ஒழுங்காக வைத்திருப்பவருக்கு என்று வந்தது அந்த ஒன்றுதான். நம் தையல் அறை அக்கா தன் கையால் நாலு பக்கம் எழுதினார். அட்டவணை, ஏழாவது வரிசை, அறுந்த கயிறு, வாசலில் நின்றது, எல்லாம் எழுதினார். அந்த நாலு பக்கமும் அறங்காவலர் குழுவின் கைக்குப் போயின.

திரும்பி வந்தபோது அதில் அம்மையாரின் பெயர் இல்லை. தலைவரின் பெயர் இருந்தது. மற்றபடி ஒரு வரியும் மாறவில்லை! 'ஆட்டத்தை நிறுத்திவிட்டு வாசலில் நின்று நானூறு பேரிடமும் தாமே மன்னிப்புக் கேட்டார்.' யார் கேட்டார்? தலைவர் கேட்டாராம்! கடல் தாண்டி இருந்த மனிதர் எப்படி ஐயா நம் வாசலில் நின்றார்? நிழலை அனுப்பினாரா?

தலைவர் அவர்கள் ஒலிப்பெட்டிக்காரருக்குச் சைகை காட்டுகிறார். வேண்டாம் ஐயா, கை வலிக்கும். ஒலிபெருக்கி நின்றாலும் நாடகக்காரன் குரல் கடைசி வரிசைக்குப் போகும். பொறுங்கள், என் யோக்கியதையையும் இனிமேல்தான் சொல்லப் போகிறேன்.

அந்தத் தாளுக்கு இயக்குநரின் சாட்சிக் கையெழுத்து தேவைப்பட்டது. தலைவர் என்னைக் கூப்பிட்டார். "உங்க அடுத்த நாடகத்துக்கு முழுசா ரெண்டு மாசம் அரங்கத் தர்றோம்" என்றார். வாசித்தேன். ஒவ்வொரு வரியும் யாருடையது என்று எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டேன். தங்கையைக் காப்பாற்றியவரின் பெயரை அடித்துவிட்டு இன்னொருவர் பெயரை எழுதிய தாளில், இந்தக் கையால் போட்டேன்! யாராவது என் மண்டையில் துப்பாக்கி வைத்தார்களா? இல்லை. அவரை எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

அந்தத் தாளையும் சேர்த்து விருது விழா மலர் அச்சாகி வந்த அன்று அம்மையார் அதை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

"சார், இதுல உங்க கையெழுத்து இருக்கு."

"ஆமா."

"அன்னிக்கு வாசல்ல வெயில் எந்தப் பக்கம் அடிச்சுதுன்னு அவரைக் கேட்டுப் பாத்தீங்களா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "சரி, நாளைக்கு மூணாவது காட்சிக்கு ஆள் எத்தனை வேணும்?" என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு விருது பெற்ற தலைவர் என்ன செய்தார்? உண்மை தெரிந்த ஆள் கண்முன்னால் நடமாடினால் யாருக்குத்தான் உறுத்தாது? அம்மையாருடைய அறையைப் பறித்து மாடிப்படிக்குக் கீழே தள்ளினார்கள். கூட்டங்களுக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். பதினான்கு மாதங்களுக்கு முன் ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார்கள். அதில் எழுதியிருந்த காரணம், 'கலை உணர்வு போதாது.' ஆகா! அறுபத்திரண்டு வயதில், உடம்பில் நோயோடு, ஓர் அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் வெளியே போனபோது, மேடையில் இருக்கும் உங்களில் யார் எழுந்து நின்றீர்கள்? இன்று மட்டும் எல்லோரும் எப்படி எழுந்து நிற்கிறீர்கள்?

சென்ற மாதம் என் தங்கை என் கையைப் பிடித்து இழுக்காத குறையாக மருத்துவமனைக்குக் கூட்டிப் போனாள். அம்மையார் பாதியாக இளைத்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"மன்னிச்சிட்டேன்னு நான் சொல்லிட்டா நீங்க நிம்மதியாத் தூங்குவீங்க சார். எழுதினது எழுதினபடியேதான் இருக்கும்."

"நான் என்னம்மா பண்ணணும்?"

"கையெழுத்து போடத் தெரியுதுல்ல? இன்னொண்ணு போடுங்க."

அவ்வளவுதான் பேசினார். என் தங்கையைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, முதுகுவலி எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

நடந்ததைச் சொல்லிக் கூட்டமைப்புக்கு ஒரு கடிதம் எழுத எனக்குப் பத்து நாள் ஆனது. பத்து நாள்! முப்பத்திரண்டு நாடகம் எழுதி இயக்கியவனுக்கு ஒரு பக்கம் எழுதப் பத்து நாள்! எழுதி முடித்த அன்று மதியம் தங்கை போனில் அழுதாள். அம்மையாருக்கு அதை வாசித்துக் காட்டும் பாக்கியம் எனக்கு இல்லை. அந்தப் பாக்கியத்துக்கு நான் தகுதியானவனும் இல்லை.

ஆனாலும் அனுப்பினேன். நான் பொய்ச்சாட்சி சொன்னேன் என்று எழுதி அனுப்பினேன். தையல் அறை அக்கா, கயிற்று அண்ணன், என் தங்கை, இன்னும் பத்தொன்பது பேர் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கூட்டமைப்பின் பதில் நேற்று வந்தது. விசாரிக்கப் போகிறார்கள். தலைவரிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்களாம். ஐயா, பதில் எழுதும்போது வெயில் எந்தப் பக்கம் அடித்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அம்மையார் பெயரில் ஆண்டுதோறும் ஒரு தலைமை விருது தரப் போவதாகச் சற்று முன் அறிவித்தீர்கள். முதலில் அவருடையதை அவரிடம் திருப்பிக் கொடுங்கள். அவர் மகள் இங்கேதான் இருக்கிறார். அதுவரை அவர் பெயரை எந்தக் கேடயத்திலும் பொறிக்க நாங்கள் விட மாட்டோம்.

தோழர்களே! இனி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் கயிறுகளை ஒருவர் ஏறிப் பார்ப்பார். அவர் வேண்டாம் என்றால் திரை உயராது. இயக்குநர் கத்தினாலும் உயராது. ஆறு மணிக்கு மேல் எந்த நடிகரையும் ஒத்திகையில் நிறுத்தி வைக்க மாட்டேன். தையல் அறைக்கும் பட்டறைக்கும் தெரியாமல் எந்த நாளும் குறிக்கப்படாது. அவர் செய்த வேலை இதுதான். இதைத்தான் நாங்கள் செய்யப் போகிறோம். மேடையில் இருப்பவர்கள் விரும்பினால் உதவலாம். இல்லாவிட்டால் வழியை விடலாம்.

அடுத்து ஒரு நிமிட மௌன அஞ்சலி என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறார்கள். நீங்கள் செலுத்துங்கள், நண்பர்களே. நான் வெளியே போய் நிற்கிறேன். அந்த அம்மாவுக்கு நான் ஏற்கெனவே ஆறு வருஷம் மௌனம் செலுத்திவிட்டேன்.