நான்காம் பருவத்துத் தண்ணீர்

எனக்கு மாடிப்படி ஏறுவது பிடிக்கும் தம்பி. ஐம்பத்தெட்டு வயதிலும் நான்கு மாடியை மூச்சு வாங்காமல் ஏறிவிடுவேன். லிஃப்டில் போகிறவர்களுக்கு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் நினைப்பே வராது. மூடி உடைந்து, ஒரு ஓரம் வெயில் விழக் கிடந்த அந்தத் தொட்டியை எங்கள் குடியிருப்பில் எட்டிப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

முப்பத்தொரு வருடம் பாசிகளோடு குப்பை கொட்டியிருக்கிறேன். எந்தப் பாசி எதிலிருந்து கிளைத்தது, எது எதற்குப் பங்காளி என்று பார்ப்பதுதான் வேலை. முதல் கண்டுபிடிப்பில் பேராசிரியர் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். இரண்டாவதை எங்கோ ஒருவர் எனக்குப் பதினோரு நாள் முந்தி அறிவித்துவிட்டார். மூன்றாவது பழைய இனம்தான் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். குளம் குட்டையெல்லாம் அலைந்தவளுக்கு, ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கையில், ஒரு புது இனம் தலைக்கு மேலேயே கிடைத்தது.

நீலப்பச்சைப் பாசி. நுண்ணோக்கியில் பார்த்தால், ஒரு பக்கம் கடித்துவிட்ட வளையம் போலக் கூட்டமாய் நிற்கும். அப்படி நிற்கும் இனம் எந்தப் பதிவிலும் இல்லை. ஆனால் ஆய்வகக் குடுவைக்கு மாற்றினால் நாலே நாளில் கூட்டம் கலைந்து வெறும் பச்சைத் தண்ணீராகிவிடும். கட்டுரையை மதிப்பிட்டவர்கள், இருந்த இடத்திலேயே நான்கு பருவமும் தொடர்ந்து எடுத்த மாதிரிகள் வேண்டும் என்று எழுதினார்கள். அவர்களுக்கென்ன, ஒரு வரியில் எழுதிவிட்டார்கள். ஒரு வருடம் தொட்டியைக் கழுவ விடாமல் காப்பாற்ற வேண்டியவள் நான்.

தண்ணீரைப் பரிசோதித்துவிட்டேன், சுத்தமாக இருக்கிறது என்று குடியிருப்பின் செக்ரட்டரிக்கு எங்கள் தாவரவியல் துறை முத்திரை வைத்தே கடிதம் கொடுத்தேன். பரிசோதித்தது பொய் இல்லை. ஈரலைக் கெடுக்கும் நஞ்சு இருந்ததை என் நோட்டில் தேதியோடு எழுதியிருக்கிறேன். நீங்கள் எடுத்துப்போன அந்த நோட்டுதான்.

எதிர்வீட்டுப் பெண் ஒருநாள் வாசலில் நிறுத்தினாள்.

"அக்கா, தண்ணியில ஒரு மாதிரி மண்வாடை அடிக்குது. இவரு குடிக்கவே மாட்டேங்கிறாரு."

"நல்லாக் காய்ச்சிக் குடும்மா. ஒண்ணும் பண்ணாது."

உள்ளேயிருந்து அவள் கணவர், "பாசியப் படிச்சவங்க பாசி பக்கம்தானே பேசுவாங்க" என்றார்.

"ஆமா, இவரு பெரிய ஜட்ஜு. அக்கா சொன்னாக் கேட்டுக்கோங்க."

மூன்று பேரும் சிரித்தோம்.

காய்ச்சினால் இந்த நஞ்சு போகாது. பாசியின் உடல் வெடித்து, உள்ளே இருப்பதும் தண்ணீரில் இறங்கிவிடும். வருடா வருடம் மாணவர்களுக்கு நானே இதைப் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்த மனிதரின் ஈரல் ஏற்கெனவே பழுதானது என்பதும் தெரியும். மருத்துவர் சீட்டைப் படித்து அவளுக்கு விளக்கியதே நான்தான். என் வீட்டுக்கு மட்டும் கேன் தண்ணீர் வந்தது. வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லியிருந்தேன்.

மூன்றாம் பருவத்தில் அவருக்குக் கண் மஞ்சளானது. "நீங்க சொன்ன மாதிரி தினமும் காய்ச்சித்தான்க்கா குடுக்கிறேன்" என்று அவள் அழுதாள். கையைப் பிடித்துக்கொண்டு, விடாமல் கொடு என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? தண்ணீர் மேல் சந்தேகம் வந்தால் முதலில் தொட்டியைத்தானே திறப்பார்கள்.

தெரியுமா தெரியாதா என்று நாலு தடவை கேட்டுவிட்டீர்கள். தெரிந்தே செய்தேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

கூடவே இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் இறந்த மூன்றாம் நாள் செக்ரட்டரி இரண்டு ஆட்களை மேலே அனுப்பினார். நான்காம் பருவத்து மாதிரி எடுக்க ஒன்பதே நாள் இருந்தது. கெஞ்சிப் பார்த்தேன். பிளீச்சிங் பவுடரைக் கொட்டி, தேய்த்துக் கழுவி, சாக்கடையில் விட்டார்கள். செக்ரட்டரியும் குடியிருப்புக்காரர்களும் சுற்றி நின்று பார்த்தார்கள். உலகத்தில் வேறெங்கும் இல்லாத உயிர் தம்பி அது. என்னை நம்பி இருந்தது. கண்ணெதிரே ஓர் உயிர் போவதைப் பார்த்துக்கொண்டு எப்படித்தான் அவர்களால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடிந்ததோ.