கருஞ்சிவப்புக் குறிப்புகள்

மாலை ஐந்தே முக்கால். நீர்த்தேக்கத்தை ஒட்டிப் போகும் சாலை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் தண்ணீர். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒரே ஒரு கார். உள்ளே ஒரு பல் மருத்துவர், பக்கத்தில் அவர் மனைவி. வளைவு வந்தது. கார் வளையவில்லை... நேரே போய்விட்டது. பல் மருத்துவர் நீந்திக் கரையேறினார். மனைவியை மறுநாள்தான் எடுத்தார்கள்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், இதைச் சத்தமாகச் சொல்ல எனக்கு மனசு வராது. என் நண்பனுடைய அண்ணிக்கு நடந்தது. கெட்டுப்போன மெமரி கார்டுகளிலிருந்து படத்தையும் குரலையும் மீட்டுக் கொடுப்பது அண்ணியின் தொழில். மாடியில் ஒற்றை அறை, ஒரே சாவி, அதுவும் அவர் கைப்பையில். தெருவில் அவருக்குக் கார்டு டாக்டர் என்றுதான் பெயர்.

விபத்து நடந்து இரண்டு மாதம் கழித்துப் பல் மருத்துவர் அங்கே வந்தார். காருக்குள் முன்கண்ணாடியில் மாட்டியிருந்த கேமராவின் கார்டை மேஜைமேல் வைத்தார். விரல்நகம் அளவு. அதிலிருந்து இன்னும் சேற்று வாடை வந்தது.

"தண்ணி உள்ள போயிருக்கு சார். பார்த்துட்டுதான் சொல்ல முடியும்" என்றார் அண்ணி.

"இருக்காது. இல்லைன்னு எழுதிக் குடுத்தாப் போதும். அவ வீட்டு ஆளுங்க நச்சரிக்கிறாங்க."

அவர் உட்காரவேயில்லை. வந்த வேகத்தில் படியிறங்கிப் போய்விட்டார்.

அண்ணி கார்டை நகலெடுத்து ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தார். அதில் படமோ குரலோ தெரியாது. எண்ணும் எழுத்தும் இரண்டிரண்டாக, திரை முழுக்க, எறும்பு வரிசைபோல ஓடும். அதில் எது என்ன என்று கண்டுபிடித்து நிறம் பூசுவார் அண்ணி. படத்துக்கு நீலம், குரலுக்கு மஞ்சள், அழிந்துபோன இடத்துக்குச் சாம்பல். ஓரத்தில் சின்னச் சின்னக் குறிப்பு. நிறமும் குறிப்பும் கார்டில் இருக்காது, அண்ணியின் கணினியில் தனிக் கோப்பாக இருக்கும்.

இரண்டு நாள் பார்த்தார். விபத்துக்கு முந்தைய சாலை கிடைத்தது. கடைசிப் பகுதி முழுக்கச் சாம்பல்.

மூன்றாம் நாள் காலை பூட்டைத் திறந்து, கணினியைப் போட்டார். சாம்பலுக்கு நடுவே ஒன்பது இடங்கள் கருஞ்சிவப்பாக இருந்தன. காய்ந்த ரத்தத்தின் நிறம். அப்படி ஒரு நிறத்தை அவர் வைத்துக்கொண்டதே இல்லை. முதல் துண்டின்மேல் ஒரு குறிப்பு.

"பாலம் தாண்டியாச்சு."

அண்ணி கணவருக்குப் போன் போட்டார். "என் கம்ப்யூட்டரைத் தொட்டீங்களா?"

"சட்டைக்கே கலர் பார்த்து எடுக்கத் தெரியாது எனக்கு. உன் கலர்ப் பெட்டிகிட்ட எதுக்கு வரப்போறேன்?"

அண்ணி போனை வைத்தார். அடுத்த துண்டுக்கு நகர்ந்தார்.

"வேகத்தைக் கூட்டுறார்."

அடுத்தது. "பெல்ட்டைக் கழட்டப் போனேன். கையைப் பிடிச்சுக்கிட்டார்."

ஒன்பதாவது துண்டுவரை போனார். அங்கே இரண்டே சொற்கள்.

"சேர்த்துக் கேளு."

கணினியை அணைத்துவிட்டு ஓடியிருக்கலாம். ஓடவில்லை. யாரோ ஒருத்தி கையைப் பிடித்துக் கேட்கிறாள், எப்படி எழுந்து போவது என்று பின்னால் நண்பனிடம் சொன்னாராம். சிவப்பு எங்கே தொடங்கியதோ அங்கே வெட்டினார், எங்கே முடிந்ததோ அங்கே நிறுத்தினார். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. ஒன்பதையும் ஒட்டினார். பதினான்கு வினாடி. ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

முதலில் எஞ்சின் உறுமல், உடனே தண்ணீர் புகும் சத்தம்... களக் களக் என்று. ஒரு பெண் மூச்சு வாங்கினாள். "விடுங்க... நான் வந்துடுறேன், கையை விடுங்க." பிறகு ஓர் ஆண் குரல். பதற்றமே இல்லை. நாற்காலியில் சாய்ந்திருக்கும் நோயாளியிடம் பேசுகிற குரல்.

"சும்மா இரு. வலிக்காது. ரெண்டு நிமிஷம்தான்."

ஹெட்போனைக் கழற்றுவதற்குள் போன் அடித்தது. பல் மருத்துவர்.

"எதாவது கிடைச்சுதா?"

"இன்னும் இல்லை சார்."

"எதுக்குச் சிரமப்படுறீங்க? இல்லைன்னு எழுதிடுங்களேன்." அதே குரல். அதே நிதானம்.

"நாளைக்கு எழுதித் தர்றேன் சார்" என்றார் அண்ணி. போன் கை நழுவி மேஜைக்கு அடியில் விழுந்தது. அதை எடுக்கக் குனியக்கூட அவருக்குத் துணிவு வரவில்லை.

அந்தப் பதினான்கு வினாடியை நகலெடுத்துக்கொண்டு நேரே காவல் நிலையம் போனார். இன்ஸ்பெக்டர் மூன்று முறை கேட்டார். குறிப்புகளைக் காட்டி, "இதெல்லாம் நீங்க எழுதினதாம்மா?" என்றார். அண்ணி ஆமாம் என்று தலையாட்டிவிட்டார். வேறென்ன சொல்வது?

அன்றைக்கே, நல்ல வெயிலில், பிற்பகல் மூன்றரைக்கு, இன்ஸ்பெக்டர் இரண்டு காவலர்களோடு பல் மருத்துவரின் வீட்டுக்குப் போனார். மணியை அடித்தார். கதவு உடனே திறந்தது. பல் மருத்துவர் அவர்கள் எதற்கு வந்தார்கள் என்று கேட்கவில்லை. சவரம் செய்து பல நாள் ஆகியிருந்தது. கண்ணிரண்டும் உள்ளே போயிருந்தன. உதட்டில் விரலை வைத்தார்.

"வர்றேன் சார். எல்லாத்தையும் சொல்லிடுறேன். கொஞ்சம் மெதுவாப் பேசுங்க... இப்பதான் தூங்கினா."

இன்ஸ்பெக்டர் அவரை விலக்கிக்கொண்டு படுக்கையறைக்குள் போனார். ஜன்னல் சாத்தியிருந்தது. யாரும் இல்லை. கட்டிலின் ஒரு பக்கத்தில் மட்டும் போர்வை கழுத்தளவுக்கு இழுத்து விட்டிருந்தது. தலையணையில் ஒரு பள்ளம்.

அவர் குனிந்து, அந்தப் பள்ளத்தில் கையை வைத்துப் பார்த்தார்.

வெதுவெதுப்பாக இருந்தது.